பூச்சிக்கு நின்ற வண்டி

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வருடா வருடம் ஒரு போட்டி நடக்கும். அந்த வருடத்தின் முதல் வண்ணத்துப்பூச்சியை யார் பார்ப்பது என்பதுதான் போட்டி.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் சிரிப்பீர்கள். நம் சிறுவயதில் புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டு விளையாடியதை நாம் எத்தனை வீட்டில் பார்த்தோம்? சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறோம். நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் நம்மைத் தூது விட்டதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டிலும் அதெல்லாம் உண்டு. கூடவே இதுவும் இருந்தது. அதில் எனக்கு அன்றைக்கும் பெருமைதான், இன்றைக்கும் பெருமைதான்.

பாடப்புத்தகத்தில் படித்த வசந்தம் நம் பக்கம் வந்ததில்லை. ஐப்பசி கார்த்திகை மழை ஓயும், மார்கழி தைப் பனியும் விலகும், பிசானப் பருவத்து நெல் தலை சாய்ந்து நிற்கும். ஒரு நாள் காலையில் வெயில் முதுகில் சுள்ளென்று உறைக்கும். அறுப்புக்கு ஆள் பேசத் தொடங்குவார்கள். அந்த நாட்களில்தான் பெரிய பூச்சிகள் வரும். அவை மலையிலிருந்து இறங்கி வருகின்றன என்பது அப்பாவின் கட்சி. தோட்டத்துச் செடியிலேயே பிறக்கின்றன என்பது அம்மாவின் கட்சி. அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவர். மலையை ஒட்டியே ஓடும் ரோடு அவருடையது. வீட்டின் பின்னால் வாய்க்கால் வரைக்கும் இறங்குகிற தோட்டம் அம்மாவுடையது. அவரவர் இடத்துக்காக அவரவர் வழக்காடினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

போட்டிக்கு விதிகள் இருந்தன. வருடம் முழுக்கப் புல்லோடு புல்லாகத் திரியும் பொடி மஞ்சள் பூச்சிகள் சேர்த்தி இல்லை. பார்த்ததற்கு ஒரு சாட்சி வேண்டும். அம்மா ஜெயித்தால் அப்பா தன் காக்கி உடுப்பைத் தானே ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைக்க வேண்டும். அப்பா ஜெயித்தால் அம்மா சொதி வைக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. தேங்காயைத் துருவி, ஆட்டி, முதல் பால் இரண்டாம் பால் என்று பிழிந்து பிழிந்து அம்மாவின் தோள்பட்டை கழன்றுவிடும்.

எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அம்மாவே ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் அப்பா காக்கியை அடித்துத் துவைப்பதைப் பார்த்து, குளிக்க வந்த ஆண்கள் கேலி பேசுவார்கள்.

"என்ன டிரைவரே, வீட்டுல வேலைநிறுத்தமா?"

"தோத்துட்டேன்வே" என்பார் அப்பா. எதில் தோற்றார் என்று ஒருநாளும் விளக்கியதில்லை.

நான் மூணாம் வகுப்புப் படித்த வருடம் ஒரு தகராறு. கடையம் பக்கத்தில் பூச்சியைப் பார்த்துவிட்டதாக அப்பா வந்து சொன்னார். கண்டக்டர் மாமா சாட்சி. அம்மா ஏற்கவில்லை. "உங்க கண்டக்டரு நீங்க என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவாரு. அதெல்லாம் சாட்சியா?" என்றாள். மறுநாளே எலுமிச்சை மரத்தில் ஒன்றை எனக்குக் காட்டித் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே சோப்புக்கட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

அதனால் அடுத்த வருடம் அம்மாவே ஒரு வழி சொன்னாள். "சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாதுல்லா? இவளக் கூட்டிட்டுப் போங்க. இவ பாத்தேன்னு சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்."

அப்படித்தான் நான் அப்பாவின் வண்டியில் ஏறினேன். நாலாம் வகுப்புப் படிக்கிற சாட்சி.

டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சினை மூடிய இரும்புப் பெட்டியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து போவோமே, அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். பானட் என்போம். கீழிருந்து சூடு தொடைக்கு ஏறும். பல்லும் சேர்ந்து அதிரும். டீசல் வாசனையும் பின்னால் இருக்கிற பெண்களின் பிச்சிப்பூ வாசனையும் கலந்து, ஆழ்வார்குறிச்சி வருவதற்குள் தலை லேசாகக் கிறங்கும். இப்போது எந்த பஸ்ஸிலும் அந்த இடம் இல்லை. கண்டக்டர் மாமா தோளில் போட்டிருந்த தோல் பையும் இல்லை, டிக்கெட் கட்டுகளைச் செருகி வைத்திருந்த மரப் பலகையும் இல்லை. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அப்பாவின் முகம் புதிதாக இருந்தது. வீட்டில் அவரை விளக்கு வெளிச்சத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் போய் இருட்டிய பிறகு வருகிறவர். பகல் வெளிச்சத்தில், ரோட்டைப் பார்த்தபடி, யாரோடும் பேசாமல், உதட்டை லேசாக மடித்துக்கொண்டு அவர் வண்டி ஓட்டுவதை அந்தச் சனிக்கிழமைகளில்தான் பார்த்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவு, வரக்கூடாத நேரத்தில் ஒரு மழை கொட்டித் தீர்த்திருந்தது. அறுப்புக்குப் போகிற பெண்கள் அரிவாளும் தூக்குச்சட்டியுமாக ஏறி, மழையைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்றும் ஏறியிருந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, கையில் பழத்தட்டோடு இரண்டு பெண்கள். இவர்களுக்கெல்லாம் தலைமை மாப்பிள்ளையின் தாய்மாமன். சரிகைத் துண்டு போட்டிருந்தார். ஏறியதுமே அப்பாவிடம் வந்தார்.

"ஒம்பதுக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்கு முன்ன கடையத்துல எறக்கி விட்டுரும்வே."

"எறக்கிருவோம்" என்றார் அப்பா.

ஆழ்வார்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு ரோடு இறங்கும். இரண்டு பக்கமும் வயல். இறக்கத்தில் பாதியில் அப்பாவின் கால் பிரேக்கில் பைய அழுந்தியது. நான் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டில் யாரோ எள்ளுச் செடியைக் காயப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அறுப்பு நாட்களில் ரோட்டில் எதையாவது பரப்பி வைப்பது வழக்கம்தானே. பிறகுதான் அந்தப் பரப்பு மூச்சு விடுவதைக் கண்டேன்.

மழைத் தண்ணீர் வழிந்தோடி, வண்டல் படிந்து ஈரமாகக் கிடந்த ரோடு முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பாலம் வரைக்கும் பூச்சிகள். வெளிர் மஞ்சளும் பச்சை கலந்த வெள்ளையுமாக, சிறகுகளை மேலே கூப்பி, நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இடையிடையே கறுப்பில் இளநீலக் கோடு போட்டவை சில. காற்றடித்தபோது எல்லாச் சிறகுகளும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன.

அப்பா வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். நான் உட்கார்ந்திருந்த பெட்டியின் நடுக்கம் நின்றுபோயிற்று. ஆறு ஓடுகிற சத்தம் திடீரென்று கேட்டது.

"என்ன அண்ணாச்சி, பஞ்சரா?" கண்டக்டர் மாமா பின்னாலிருந்து கேட்டார்.

"இல்லடே. பூச்சி உக்காந்திருக்கு. நீ எறங்கி டயருக்குக் கல்லக் குடு."

மாமா இறங்கி, முன் டயருக்கு அடியில் கல்லை வைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தவர் "எம்மா!" என்று அப்படியே நின்றுவிட்டார். துண்டை வீசி ஓட்டப் பார்த்தார். அவர் நடந்த இடத்தில் மட்டும் ஒரு கொத்து எழும்பி, அவர் முதுகுக்குப் பின்னால் திரும்ப உட்கார்ந்தது.

"மிதிச்சிராத. ஓரமா நில்லு" என்றார் அப்பா. "வெயில் இன்னும் இங்கன எறங்கல. வெயில் பட்டா தானா எந்திச்சிரும்."

அறுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, ரோட்டோரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவள் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். தாய்மாமன் மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னவே இது? பூச்சிக்கா வண்டிய நிறுத்துதீரு? ஏத்திட்டுப் போவும்வே!"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

"ராகுகாலம் பொறுக்குமாவே? ஒரு நல்ல காரியத்துக்குப் போறோம்!"

"நல்ல காரியத்துக்குப் போறப்போ எதுக்கு இத்தனைய நசுக்கிட்டுப் போகணும்?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தாய்மாமனுக்கு அதுதான் அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும்.

கிழக்கே பனை வரிசைக்கு மேல் வெயில் ஏறி, ரோட்டின் மேற்கு ஓரத்தில் முதலில் விழுந்தது. அந்த ஓரத்துப் பூச்சிகள் சிறகை விரித்து ஒரு கணம் காய்ந்தன. பிறகு எழும்பின. வெயில் நகர நகர, எழும்புவதும் நகர்ந்தது. கொடியில் காயும் சேலையை ஒரு நுனியில் பிடித்து உருவுவதுபோல, அந்த மஞ்சள் முழுவதும் ரோட்டைவிட்டு எழுந்தது. பஸ்ஸின் இரண்டு பக்க ஜன்னல் வழியாகவும் கடந்து போயிற்று. உள்ளேயும் நுழைந்தது. ஒன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்த பழத்தட்டில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். ஒன்று தாய்மாமனின் சரிகைத் துண்டில் உட்கார்ந்தது. அவர் தட்டிவிட்டார்.

அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாத்தியாட்டி?"

"பாத்தேம்ப்பா."

அதற்கப்புறம் மாட்டுவண்டி வேகத்தில் பாலத்தைக் கடந்தோம். ஒன்றிரண்டு டயரில் அகப்பட்டிருக்கும். கடையத்தில் இறங்கும்போது ராகுகாலம் பிறந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ராகுகாலம் போகும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று விசாரித்தார்களாம். அந்தச் சம்பந்தம் முடிந்து, கல்யாணமும் நன்றாகவே நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே தாய்மாமன் பஸ் முதலாளியிடம் புகாரோடு போய்விட்டார். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதலாளியின் வண்டிகள்தான் வாடகைக்குப் போகும். செய்தியைக் கொண்டுவந்தவர் கண்டக்டர் மாமா.

"அண்ணாச்சி, நாளைலருந்து வண்டிக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ரேடியேட்டர் சூடாயிட்டு, ஆறட்டும்னு நிறுத்தினோம்னு சொல்லிருவோம். நானும் ஆமான்னு சொல்லிருதேன்."

"வண்டி நல்லாத்தானடே இருந்துச்சு" என்றார் அப்பா. "அது மேல எதுக்குப் பழியப் போடணும்? நம்மளச் சுமக்குதது அது."

மாமா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே ரோட்ட மறைச்சிட்டா?"

"ஆமாம்மா. பாலம் வரைக்கும்."

"என்ன நிறம்?"

சொன்னேன். கறுப்பில் நீலக் கோடு போட்டதும் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"சரி. இந்த வருசம் நீங்கதான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சொதி. வேலை போன வீட்டில் கல்யாணக் குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்கே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்மா முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை. நான் அப்படியே நம்பினேன். அந்த வாரங்களில் அவள் ராத்திரிச் சாப்பாட்டை எங்களுக்குப் போட்டுவிட்டுத் தான் நீராகாரத்தோடு படுத்தாள் என்பதை, நானே ஒரு வீட்டை நடத்தத் தொடங்கிய பிறகுதான் கணக்குக் கூட்டிப் புரிந்துகொண்டேன்.

சொதிக்குச் சரியாகப் பெரியப்பா வந்து சேர்ந்தார், அப்பாவின் அண்ணன். குடும்பத்தில் பிரச்சினை எதுவாக இருந்தாலும் தானே தீர்த்து வைக்க வேண்டும் என்று நினைப்பவர். இலையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"தலை சுத்துச்சுன்னு சொல்லுலே. சீக்குக்காரன்னா முதலாளி எரக்கப்படுவாரு. பூச்சிக்கு நிறுத்தினேன்னு சொன்னா, கிறுக்கன்னுல்லா ஊரு சொல்லும்? உனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. நாளைக்கு அதக் கட்டிக்குடுக்கணும். கிறுக்கன் மகள எவன் கட்டுவான்?"

"தலை சுத்துத டிரைவருகிட்ட எந்த முதலாளி வண்டியக் குடுப்பாரு?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

பெரியப்பா இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

எல்லோரிடமும் அப்பாவுக்குக் கொடுக்க ஒரு பொய் தயாராக இருந்தது. டீக்கடைக்காரர் பஞ்சர் என்று சொல்லச் சொன்னார். எதிர் வீட்டு வாத்தியார் மாடு குறுக்கே வந்தது என்று சொல்லச் சொன்னார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலையில்லாமல் அப்பா வீட்டிலிருந்த அந்த நாட்களைப் பெரியவர்கள் கெட்ட காலம் என்றார்கள். எனக்கு அதைப்போல ஒரு காலம் அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா தோட்டத்தில் இருப்பார். முதல் இரண்டு நாள் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர், பிறகு அம்மாவிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது புழு என்பதை அம்மா காட்டினாள். அது வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டிப் பயமுறுத்தும் என்றாள். அப்பா தொட்டார். கொம்பு வந்தது. பஸ் ஓட்டுகிற மனிதர் பதறிக் கையை உதறினார். அம்மா சிரித்த சிரிப்பில் வாய்க்கால் கரையிலிருந்த கொக்கு பறந்துபோயிற்று.

அரளிச் செடியில்தான் உண்மையான அதிசயம். இலையின் அடியில் வெள்ளியில் வார்த்த ஜிமிக்கிபோல ஒரு கூடு தொங்கியது. குனிந்து பார்த்தால் அதில் நம் முகம் வளைந்து தெரியும். அப்பாவின் மீசை, என் ரிப்பன், பின்னால் வானம், எல்லாம் அந்தப் பொட்டளவுக்குள் தெரிந்தன. நானும் அப்பாவும் அதன் முன்னால் தினமும் உட்கார்ந்தோம். வெள்ளி மங்கிக் கறுத்த மறுநாள் காலையில், அது முதுகுப் பக்கம் பிளந்தது. உள்ளேயிருந்து கசங்கிய கறுப்புத் துணிபோல ஒன்று வெளியே வந்து தொங்கியது. கசங்கல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

"மலைலருந்து வருதுன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா, பின்னால் வந்து நின்றுகொண்டு.

"இதுவும் இருக்கும், அதுவும் இருக்கும்" என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். "ஏம்ப்பா வண்டிய நிறுத்தினீங்க?"

"ஏத்த மனசு வரல. வேற என்ன?" என்றார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அவரிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சில நாட்களில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் என்னிடம், "உங்கப்பா குடிச்சிட்டு வண்டிய நடு ரோட்டுல போட்டுட்டாராமே" என்றாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா தெருக்குழாயில் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தாள். குடம் பாதி நிறைந்தபடி முற்றத்தில் இருந்தது. அப்பா ஒருநாளும் சாராயத்தைத் தொட்டவரில்லை. அவர் இதைக் கேட்டுவிட்டு தோட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தார். அந்த முதுகை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேறு சேலை உடுத்தி, தலையை வாரிக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள்.

"நீதான சாட்சி? வா."

முதலாளியின் வீடு பெரிய வீடு. முன் கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டி, ஒற்றை பஸ்ஸிலிருந்து மேலே வந்தவர்தான். அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். முதலாளி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேலை விசயமாப் பொம்பளைய அனுப்பிருக்கானா?" என்றார்.

"அவருக்கு நான் வந்தது தெரியாது அண்ணாச்சி. வேலை கேட்டும் வரல" என்றாள் அம்மா. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவர வேலைய விட்டு எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. ஆனா குடிச்சிட்டு ஓட்டினாருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு நடக்கு. அதுக்காக எடுத்தோம்னு மட்டும் ஆயிரக் கூடாது. பூச்சி மேல ஏத்த மாட்டேன்னு நிறுத்தினாரு. அதச் சொல்லி எடுங்க. செஞ்சதுக்குத் தண்டன குடுத்தா வாங்கிக்கிடுவாரு. செய்யாததுக்கு எதுக்கு வாங்கணும்?"

முதலாளியின் மனைவி என்னைப் பார்த்து, "நீயும் வண்டில இருந்தியாம்மா?" என்று கேட்டார்.

"இருந்தேன்."

"எப்படி இருந்துச்சு, சொல்லு."

நான் சொன்னேன். எள்ளுச் செடி என்று நினைத்ததையும், அது மூச்சு விட்டதையும், வெயில் வந்ததும் சேலை உருவுகிற மாதிரி எழும்பியதையும் சொன்னேன். கண்டக்டர் மாமா கல் வைத்துவிட்டு "எம்மா" என்று நின்றதையும் சொன்னேன்.

முதலாளி அப்போதுதான் நிமிர்ந்தார். "கல்லா? என்ன கல்லு?"

"டயருக்கு. அப்பாதான் வைக்கச் சொன்னாங்க."

"எப்போ? பூச்சியப் பாத்து நின்ன பொறகா?"

"வண்டிய நிறுத்தி இஞ்சின அணைச்ச உடனே. யாரும் எறங்கிப் பாக்கதுக்கு முன்னயே."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "எறக்கத்துல நிறுத்தி, இஞ்சின அணைச்சு, மொத வேலையாக் கல்லு வைக்கச் சொல்லிருக்கான்" என்று தன் மனைவியிடம் சொன்னார். "குடிச்சவனுக்குக் கல்லு ஞாபகம் வராது."

பிறகு அம்மாவைப் பார்த்தார். "குடிக்கலன்னு நானே சொல்லிருதேன். ஆனா அந்த ரோட்டுல திரும்ப விட முடியாதும்மா. நாளைக்கு இன்னொருத்தன் குருவிக்கு நிறுத்துவான். பாளையங்கோட்டைலருந்து போற சீவலப்பேரி வண்டிக்கு ஆளு வேணும். டவுன் பஸ்ஸு. வரச் சொல்லு."

அம்மா கும்பிட்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அவள் உள்ளங்கை எவ்வளவு வியர்த்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பஸ் நிலையத்தில் பத்துப் பேர் கூடி நிற்கும்போது, "அவன் குடிக்கல்லாம் இல்ல. பூச்சிக்காகத்தான் நிறுத்தினான்" என்று உரக்கச் சொன்னாராம். அதோடு குடிகாரன் பேச்சு செத்தது. பூச்சி டிரைவர் என்கிற பெயர் பிறந்தது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் எல்லா வண்டிக்காரர்களும் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான் இருந்தது.

மலையை ஒட்டிய அந்த ரோட்டை அப்பாவுக்குத் திரும்பத் தரவே இல்லை. ஓய்வு பெறும்வரை அவர் ஓட்டியது சமவெளியில்தான். பாளையங்கோட்டையில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டார். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருவார். அது அவருக்கு வலித்ததா என்று நான் கேட்டதில்லை. வலித்திருக்கும். ஆனால் அன்று ரேடியேட்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்ற பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்பாவின் வண்டியில் ஏறியதே இல்லை. புருஷன் வண்டியில் பெண்டாட்டி போய் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கூச்சம். அன்றைக்கு நேராகப் போய்ச் சீவலப்பேரி பஸ்ஸில் ஏறி, பெண்கள் பக்கத்தில் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார். கண்கள் விரிந்தன. வண்டியை எடுத்தார்.

வண்டி நிறையச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். காலடியில் கூடை, கோழி, வெற்றிலைக்கட்டு. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, டிரைவரைக் கண்ணால் காட்டினாள்.

"இவருதான் அந்தப் பூச்சி டிரைவரு, தெரியுமா? வண்டி நிறைய ஆள வச்சுக்கிட்டு, வண்ணத்துப்பூச்சிக்கு நின்னாராம். கிறுக்கு மனுசன்னு சொல்லுதாங்க."

அம்மா பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். வெளியிடத்தில் அப்பாவைப் பற்றிப் பேச நேர்ந்தால் "எங்க வீட்டுல" என்று வாய்க்குள் சொல்லித் தலையைக் குனிகிற பெண் அவள்.

அம்மா முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா. நின்னாரு" என்றாள். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "என் வீட்டுக்காரருதான்."

அந்தப் பெண் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். பின்னாலிருந்து யாரோ எழுந்து எட்டி, முதலில் அம்மாவையும் பிறகு அப்பாவையும் பார்த்தார்கள். அப்பா திரும்பவில்லை. காதோரம் மட்டும் சிவந்தது. உதட்டை மடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். ஆற்றங்கரையோடு நேராகக் கிடந்தது ரோடு. ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. அந்த வெறும் ரோட்டில் அப்பா ஹாரனை நீளமாக அடித்தார்.